பதினோரு வீடு சுற்றி வந்த புத்தகம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டுப் புத்தகங்களை அடுக்கி வைப்போம். நாகமலை புதுக்கோட்டைக்குக் குடிவந்த வருடத்திலிருந்து அந்த மேசை என் பொறுப்பில் இருக்கிறது. பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்க வரும். அதனால் கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் வந்து, வேதபாடத்துக்கு நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுதியவர் பெரிய ஆளா, சின்ன ஆளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசியுங்கள், முடித்ததும் பைபிளை எடுத்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். பிள்ளைகள் என்னை விவரமானவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதினோரு வயதில் செய்த ஒரு காரியத்துக்காக அந்த வருடம் முழுவதும் பயந்து கிடந்தேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இது.

அப்போது நாங்கள் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தோம். ஊரில் கிறிஸ்தவ வீடுகள் மொத்தம் பதினொன்று. ஓடு வேய்ந்த சின்னக் கோயில். போதகர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். அந்த உபதேசியார் புத்தகப் பைத்தியம். அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். புதுவருடத்தின் முதல் ஞாயிறன்று மதுரையிலிருந்து ஒரு புத்தக வண்டி வரும். ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு புத்தகம் வாங்க வேண்டும். ஒரு மாதம் அதை வைத்து வாசித்துவிட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வலது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். இடது பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று நமக்கு வரும். இப்படியே சுற்றினால் வருடம் முடிவதற்குள் பதினோரு புத்தகமும் பதினோரு வீட்டிலும் ஒரு மாதம் தங்கியிருக்கும். கொடுப்பதற்கு முன் அந்த வீட்டில் ஒருவர் எழுந்து, வாசித்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்.

இதில் உள்ள ஆபத்தை உபதேசியார் யோசிக்கவில்லை. நாம் தப்பான புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் வீட்டுக்கு ஒரு மாதம் என்று ஊரே அவதிப்படும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வீட்டுத் தலைவரின் பெயர் வேறு இருக்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்த முந்தின வருடம் அப்படி ஊர் வாயில் விழுந்த பெயர் அப்பாவுடையது. அப்பா உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் அருகே சைக்கிள் கடை வைத்திருந்தார். எதிலும் கனத்தைப் பார்ப்பவர். கனமான சைக்கிள்தான் உழைக்கும் என்பார். அதே கணக்கில், தங்க எழுத்து போட்ட, செங்கல் பருமனில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார். அது போதகர் படிப்புப் படிக்கிறவர்களுக்கான புத்தகம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாதிப் பக்கத்துக்கு வாயில் நுழையாத வேற்றுமொழிச் சொற்கள். மாதா மாதம் ஒவ்வொரு வீட்டாரும் எழுந்து எங்கள் புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். எல்லோரும் முன்னுரையில் வந்த அதே ஆட்டிடையன் உதாரணத்தையே சொன்னார்கள். ஆறாவது வீட்டுக்காரர் சொல்லும்போது கோயிலே சிரித்துவிட்டது. ஒரு வீட்டில் அதை இட்லி மாவுச் சட்டியின் மேல் பாரமாக வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட, "அண்ணே, அந்த ஆட்டை எங்கிட்டாச்சும் அவுத்து விட்டுட்டீகளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்பா நொந்துபோனார். அடுத்த வருடம் வண்டி வந்ததும், இனிமேல் புத்தகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன், யாராவது போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். அம்மா கோயில் அசன விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணில் படவில்லை. நான்தான் வண்டியில் ஏறினேன்.

உள்ளே நல்ல கூட்டம். கொம்பு முளைத்த மிருகமும் நெருப்பும் அட்டையில் போட்ட கடைசிக்காலப் புத்தகம் ஒன்றுக்கு இரண்டு வீட்டார் இழுபறி நடத்திக்கொண்டிருந்தார்கள். நினைத்ததெல்லாம் நாற்பது நாளில் கிடைக்கும் என்று சொல்லும் புத்தகம் ஒன்று வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. விற்கிற அண்ணன் என்னைப் பார்த்து என்ன வேண்டும் பாப்பா என்று கேட்டார். கையில் பட்ட ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். மாற்கு சுவிசேஷத்தைப் பற்றியது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கேள்வி, கீழே நான்கு வெறும் கோடு. அவ்வளவுதான். எழுத்து குறைவாக இருந்ததால் சீக்கிரம் வாசித்துவிடலாம், யாருக்கும் கஷ்டம் இருக்காது என்று தோன்றியது. அந்த அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். பக்கத்தில் பைபிளை விரித்து வைத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை, அதனால் இதை யாரும் தொடுவதில்லை என்றார்.

அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன வருடம் செங்கல், இந்த வருடம் வெறுந்தாள் என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்விக்குக் கீழே கோடு இருந்தால் எழுதித்தான் ஆகவேண்டும். விட்டுவிட்டால் பிரம்படி. ஆகவே ஜனவரி மாதம் முழுவதும் பள்ளி விட்டு வந்ததும் பைபிளையும் அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு கோடுகூட விடாமல், மைப் பேனாவால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசி ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் அட்டை போடுவதற்காக அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். இரண்டு பக்கம் புரட்டியதும் முகம் மாறிவிட்டது.

"இது ஊருக்குப் போற புத்தகம்டி. நீ பரீட்சை எழுதி வச்சிருக்க. மத்த பத்து வீடும் எதுல எழுதும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளேடால் சுரண்டிவிடட்டுமா என்று அழுதுகொண்டே கேட்டேன். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். அவளுக்குச் சேலை முந்தியை வாயில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. கடலில் புயல் வந்தபோது சீஷர்கள் ஏன் பயந்தார்கள் என்பது ஒரு கேள்வி. நான், ‘நீச்சல் தெரியாததால்’ என்று எழுதியிருந்தேன். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு பன்னிரண்டு கூடை மீந்தது எதற்காக என்ற கேள்விக்கு, ‘மறுநாள் காலைக்கு’. கூரையைப் பிரித்து நோயாளியை உள்ளே இறக்கியபோது வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார் என்ற கேள்விக்கு, ‘மழைக்கு முன்னால் யார் வேய்ந்து கொடுப்பது என்று’.

பின்பாதியில் ஒரு பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. ஜெபம் செய்ய நிற்கும்போது யார்மீதாவது மனக்குறை இருந்தால் மன்னிக்கச் சொல்லும் அதிகாரம் அது. கேள்வி: நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவர் உண்டா? ஏன் பேசுவதில்லை? நான் எழுதியிருந்தது இது: ‘பெரியப்பா. ஏன் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டால் அடி விழும்.’

பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். எங்களுக்கு இடது பக்கத்து வீடு. நான்கு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பெரியம்மாவும் அம்மாவும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பெரியம்மாதான் எனக்குத் தலை பின்னி விடுவாள். ஆண்கள் இருவரும்தான் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள். சைக்கிள் பஞ்சரானால் பெரியப்பா அதை அப்பா கடைக்கு எதிரிலேயே உருட்டிக்கொண்டு போய், நாலு கடை தள்ளி இருந்த இன்னொருவரிடம் கொடுப்பார். புத்தகம் மாற்றும் ஞாயிறுகளில் எல்லோரும் கையில் கொடுத்துக் கையில் வாங்குவார்கள். பெரியப்பா மட்டும் தம்முடையதைக் கோயில் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். அப்பா அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போய்விடுவார். நான் போய் எடுத்து வருவேன். ரொம்ப நாள் வரைக்கும், அந்த ஜன்னலை அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு பொங்கி அடுப்பு அணைந்தது. பிறகு புத்தகத்தை மூடி, பழுப்புத்தாளில் அட்டை போட்டாள். "மையில எழுதினது. கெடக்கட்டும். அப்பாட்ட சொல்லிக்கிற வேணாம்" என்றாள். சுரண்டினால் தாள் கிழிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் சுற்றில் போனது. எனக்குக் கணக்குப் போடத் தெரியும். வலது பக்கமாகப் போகிற புத்தகம் இடது பக்கத்து வீட்டுக்குக் கடைசியாகத்தான் வரும். நவம்பரில் பெரியப்பா கைக்கு வரும். பெரியப்பாவுக்குப் பெரிய மீசை, பெரிய குரல். கோயிலில் பாட்டு முடிந்த பிறகும் அவர் மட்டும் ஒரு வரி பாடிக்கொண்டிருப்பார். அந்தக் குரலில் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவதாகவும், அப்பா காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு என்னைத் தேடுவதாகவும் எனக்குக் கனவு வரும்.

அடுத்த வீடு டீச்சர் வீடு. அவர் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில் கால்மணி நேரம் பேசினார். என் பதில்களை அவர் சிவப்பு மையில் திருத்தியிருந்தாராம். திருத்துவதற்காக மாற்கு சுவிசேஷத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டியதாகிவிட்டது, இத்தனை வருடத்தில் இப்படி வாசித்ததில்லை என்றார். மூன்றாவது வீட்டார் டீச்சரின் திருத்தத்தைத் திருத்தினார்கள். கோட்டில் இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதினார்கள். ஓரமும் தீர்ந்த பிறகு துண்டுத்தாளில் எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டினார்கள். மாதக் கடைசியில் எங்கள் புத்தகம் யாரிடம் இருந்ததோ அந்த வீட்டார் எழுந்திருக்கும்போதே சனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிண்டலுக்குப் பயந்து தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்த அப்பா மே, ஜூன் வாக்கில் நிமிர்ந்துவிட்டார். வெறுந்தாளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார். வரும்போது பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

பெரியப்பா பெயர் இருந்த பக்கத்தைப் பற்றி மட்டும் எந்த வீட்டாரும் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படவில்லை என்று ஒரு நாளும், எல்லோரும் சேர்ந்து ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று மறுநாளும் நினைப்பேன்.

அக்டோபரில் புத்தகம் கண்டக்டர் மாமா வீட்டுக்கு வந்தது. அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பெரியப்பாவுக்கு முந்தின வீடு. இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று, பாவாடை மடிப்பில் பிளேடை ஒளித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு தாளை மட்டும் அறுத்துவிட்டால் போதும். அந்த வீட்டு அத்தை என்னைக் கண்டதும் எழுத்தாளர் வந்துவிட்டார் என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மாமா சீருடைகூடக் கழற்றாமல் மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அத்தை கொடுத்த முறுக்கு இரண்டையும் தின்றுவிட்டுப் பிளேடோடு திரும்பி வந்தேன்.

நவம்பர் மாதம் நான் பெரியம்மாவிடம் தலை பின்னிக்கொள்ளப் போகவில்லை. சொந்தமாகப் பின்னிக்கொண்டேன். கோணலாக இருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. புத்தகங்கள் கைமாறின. நான் ஜன்னல் கட்டையைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பெரியப்பா வெறுங்கையோடு வந்திருந்தார். உபதேசியார் கேட்டதற்கு, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் மாதா மாதம் போல் ஜன்னலில் வைத்துவிடுவார் என்று நினைத்துக் கை கழுவப் போயிருந்த அப்பாவுக்கு இது தெரியாது.

நான்கு மணி இருக்கும். ஞாயிறு என்பதால் அப்பா வீட்டு வாசலில் பழைய டயர்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் ஸ்டாண்ட் போட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது அடிதான்; அதற்கு எதற்குச் சைக்கிள் என்று எனக்குப் புரியவில்லை. கேரியரில் பழுப்பு அட்டை போட்ட புத்தகம். ஒட்டிய துண்டுத்தாள்களால் உப்பி, இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் போனேன்.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்.

"செயின் கழண்டுக்கிட்டே கெடக்கு. என்னன்னு பாரு."

அப்பா எழுந்து வந்து குனிந்து, பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இதை யாருண்ணே பாத்தது? மாட்டு வண்டிக்கு வேலை பாத்த மாதிரி பாத்திருக்கான்."

"நாலு வருசமா அவன்ட்டதான் விட்டேன்."

"அதான் தெரியுதே."

இவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அடுப்படியிலிருந்து அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். அது ஊறும்வரை என்ன செய்வது என்று தெரியாததால் கேரியரில் இருந்த புத்தகத்தை எடுத்து, கறுப்புக் கையோடு நின்றபடியே வாசித்தார்.

புயல் பக்கத்தில் என் பதிலுக்குக் கீழே ‘தவறு’ என்று டீச்சர் எழுதியிருந்தார். அதன் கீழே ஒருவர், ‘மீன் பிடிக்கிறவர்களுக்கு நீச்சல் தெரியாமல் இருக்குமா பாப்பா?’ என்று எழுதியிருந்தார். எழுதத் தெரியாத ஓர் அக்கா தன் மகனை எழுத வைத்திருந்தாள்: ‘பயம் வந்தால் நீச்சல் மறந்துபோகும். கிணற்றில் விழுந்தவள் சொல்கிறேன்.’ பன்னிரண்டு கூடைக்கு, கோயில் அசனம் ஆக்குகிறவர் எழுதியிருந்தார்: ‘பரிமாறினவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் சாப்பிட வேண்டாமா?’ பிரிந்த கூரைக்குக் கொத்தனார் வீட்டுப் பதில், ‘கூப்பிட்டிருந்தால் நான் போய் வேய்ந்து கொடுத்திருப்பேன்.’ அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, பைபிளைக் கொண்டுவரச் சொல்லி என் அண்ணனை ஏவினார். பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தால் மாடு மிரளும். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கோழிகள் மிரண்டன.

பிறகு அப்பா அந்தப் பக்கத்துக்கு வந்தார். சத்தமாக வாசிப்பது நின்றது. நான் கதவிடுக்கில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இங்க வா" என்றார். போனேன். "நான் என்னைக்கு ஒன்னைய அடிச்சேன்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் அடித்ததில்லை. அப்பா என் கோணல் சடையைப் பிடித்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, தன் அண்ணனுக்குக் காப்பியில் சீனி தூக்கலாகப் போடும்படி உள்ளே பார்த்துச் சொன்னார்.

அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மற்ற பக்கங்கள் எல்லாம் எழுத்தால் நிறைந்திருக்க, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது வீட்டாரும் பேனாவை வைக்கவில்லை. திருத்தாமல் எதையும் விடாத டீச்சரின் சிவப்பு மைகூட அங்கே இல்லை. என் மூன்று வரிக்குக் கீழே, நாலாவது கோட்டில், மாட்டுக் கயிறு பிடித்த கையால் எழுதிய பெரிய பெரிய எழுத்தில் பெரியப்பா எழுதியிருக்கிறார்: ‘எனக்கும் மறந்துபோச்சு.’ அப்பா பதில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை கிரீஸில் இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில்தான் பலகாரம் சுட்டார்கள். ஜன்னல் கட்டையில் உபதேசியார் பூந்தொட்டி வைத்துவிட்டார்.

அவர்கள் பேசாமல் போன காரணம் என்ன என்பதை நான் கல்யாணம் ஆகி வந்த பிறகு அம்மா சொன்னாள். அப்பாவின் கூடப்பிறந்த அத்தை கல்யாணத்துக்கு அப்பாதான் மதுரையில் பத்திரிகை அடித்து வந்தாராம். அதில் மூத்தவரான பெரியப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அப்பா. நீ பார்த்துத்தானே அடிக்கக் கொடுத்தாய் என்றார் பெரியப்பா. அவ்வளவுதான்.

பெரியப்பா இப்போதும் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் மாற்கு சுவிசேஷம் வாசிக்கச் சொன்னார். அவருடைய பைபிளை எடுத்தேன். அது தானாகவே அந்த மன்னிப்பு அதிகாரத்தில் திறந்துகொண்டது. நடுவே நான்காக மடித்த ஒரு தாள். மஞ்சள் தடவிய ஓரம். பிரித்துப் பார்த்தேன், அத்தையின் கல்யாணப் பத்திரிகை. மடிப்புகள் நைந்து போகும் அளவுக்கு எத்தனையோ தடவை பிரித்து மடித்த தாள்.

தாள் சரசரப்பதைக் கேட்டுப் பெரியப்பா கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

"அது அங்கனயே கெடக்கட்டும் தாயி. பக்கம் தெரியிறதுக்கு வச்சிருக்கேன். நீ வாசி."

வாசித்தேன். ‘எனக்கும் மறந்துபோச்சு’ என்று அவர் எழுதியதைப் பதினோரு வயதில் நான் அப்படியே நம்பினேன். இம்புட்டுப் பெரிய விஷயத்தைக்கூட மறந்துவிடுகிறாரே, பெரியப்பாவுக்கு ஞாபகசக்தி ரொம்பக் குறைவு என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்.